நீங்க என்ன ஆளுங்க?

போன மாதம் திருப்பூரில் ஒரு மருத்துவமனை. குடலிறக்க ஆபரேசனுக்கு வந்திருந்த பெரியவருக்கு அறுபத்தெட்டு வயது. கூட வந்த மகன் ஏதோ பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நான் வழக்கம்போல் கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனேன். சுகர் இருக்குதுங்களா, பிரஷர் மாத்திரை காலையில போட்டீங்களா, மாடி ஏறினா மூச்சு வாங்குதுங்களா, ஆடற பல்லு ஏதாச்சும் இருக்குதுங்களா. கடைசியாக, தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “நீங்க என்ன ஆளுங்க?” என்றேன். பெரியவர் சொல்ல வாய் திறந்தார். அவருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. நம் பக்கத்தில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பல்லடம் தாண்டுவதற்குள் கேட்டுவிடுகிற கேள்விதானே. மகன்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். “இருங்கப்பா. ஏனுங் மேடம், மயக்க ஊசி போடறதுக்குமா சாதி பார்ப்பீங்க?”

எனக்குப் பதில் தயாராக இருந்தது. பத்து வருஷத்துக்கும் மேலாகச் சொல்லிப் பழகிய பதில். ஒரு மருந்து, அதை உடைக்கிற ஒரு என்சைம், சில சமூகங்களில் அது பிறவியிலேயே குறைவாக இருப்பது என்று ஒரு நிமிஷத்தில் சொல்லி முடித்தேன். அந்தப் பையன் தலையாட்டினார், ஆனால் முகம் இளகவில்லை. பெரியவருக்கு முதுகில் ஊசி போட்டு, முக்கால் மணி நேரத்தில் ஆபரேசன் முடிந்து, நல்லபடியாக வார்டுக்குப் போய்விட்டார். நானும் கிளம்பிவிட்டேன். அவிநாசி தாண்டும்போதுதான் உறைத்தது: அவருக்குப் போட்டது ஸ்பைனல். நான் சொன்ன அந்த மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. ஒருவேளை ஸ்பைனல் பிடிக்காமல் முழு மயக்கம் கொடுக்க வேண்டி வந்திருந்தாலும், வயிறு காலியாக இருக்கிற அந்த மனிதருக்கு நான் அந்த மருந்தை எடுத்திருக்க மாட்டேன். அப்புறம் ஏன் கேட்டேன்? அன்றிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பதம்

மயக்க மருந்து என்றால் எடையைக் கேட்டு ஒரு எண்ணால் பெருக்கிப் போடுவது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். சில டாக்டர்களே நினைக்கிறார்கள். புரோபோஃபால் என்ற பால் மாதிரி வெள்ளை மருந்துக்குப் புத்தகம் கிலோவுக்கு இரண்டு மில்லிகிராம் என்று சொல்லும். காங்கேயத்துப் பக்கமிருந்து வருகிற எண்பது வயது ஆத்தாவுக்கு அதில் பாதி போதும், அதுவும் மெதுவாக. வயதானவர்களுக்கு ரத்த ஓட்டம் நிதானம். கையில் ஏற்றிய மருந்து மூளைக்குப் போய்ச் சேர நேரமாகும். இன்னும் தூங்கவில்லையே என்று அவசரப்பட்டு இன்னொரு தடவை அழுத்தினால் அடுத்த நிமிஷம் பிரஷர் தரைக்கு வந்துவிடும். முகமூடி வழியாகக் கொடுக்கிற ஆவி மருந்துகளுக்கும் இதே கதைதான். நாற்பது வயதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை தேவை ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்துகொண்டே வரும். இதற்கு நேர்மாறாக, தினமும் டாஸ்மாக் போகிற முப்பத்தைந்து வயதுக்காரருக்குப் புத்தகக் கணக்கு பெரும்பாலும் பத்தாது. ஆனால் அவர் மனைவி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் “எப்பவாச்சும் நோம்பி நொடின்னா” என்பார். அந்தம்மாவைப் பில் கட்ட அனுப்பிவிட்டு மறுபடி கேட்க வேண்டும்.

என் அப்பிச்சி ஊர் கவுந்தப்பாடிப் பக்கம். வெல்லம் காய்ச்சுகிற ஆலையில் பதம் பார்ப்பதற்கென்றே ஒருத்தர் இருப்பார். கொப்பரையில் கொதிக்கிற பாகில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவார். எந்தத் தோட்டத்துக் கரும்பு, ஆத்துப் பாசனமா கிணத்துப் பாசனமா என்று வெட்டியவரிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வார். ஆனால் இறக்கச் சொல்வது விரலில் உருண்ட பிறகுதான். மயக்கம் கொடுப்பதும் அப்படித்தான். முதலில் கேள்வி, அப்புறம் கொஞ்சம் மருந்து, அப்புறம் கண் இமை, மூச்சு, நாடி, அப்புறம் இன்னும் கொஞ்சம். தப்பாகப் போகாத வரைக்கும் யாருக்கும் இந்த வேலை கண்ணில் படாது. ஆபரேசன் செய்த டாக்டர் பேர் ஊருக்கே தெரியும். நான் “மயக்க டாக்டரம்மா”, அவ்வளவுதான். முதுகில் ஊசி போட்டதால் ஆயுசுக்கும் முதுகு வலிக்குது என்று யாராவது திட்டும்போது மட்டும் என் ஞாபகம் வரும்.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பதம் பார்க்க நேரம் தராத மருந்து ஒன்று உண்டு. சக்சினைல்கோலின். நாங்கள் ஸ்கோலின் என்போம். ஏற்றி முப்பது, நாற்பது நொடியில் உடம்பு பூராவும் ஒரு சிலிர்ப்பு ஓடும், அதோடு எல்லாத் தசையும் துவண்டுவிடும். மூச்சும் நிற்கும். அந்த இடைவெளியில் தொண்டைக்குள் டியூப் போட்டுவிட வேண்டும். வயிற்றில் சோறோடு வருகிற அவசரக் கேஸ்களில், சாப்பிட்டது நுரையீரலுக்குள் போய்விடாமல் தடுக்க இந்த வேகம்தான் உதவி. ஐந்து நிமிஷம், மிஞ்சிப்போனால் பத்து நிமிஷம், ரத்தத்தில் இருக்கிற கோலினெஸ்டரேஸ் என்ற என்சைம் அதை உடைத்து எறிந்துவிடும், மூச்சு தானாகத் திரும்பும். என்சைம் இருந்தால்.

அந்த என்சைம் இல்லாமல் போக நம் ஊரில் முக்கியமாக இரண்டு வழி. ஒன்று பூச்சிமருந்து. குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் வகையறாக்கள் பூச்சியைக் கொல்வதே இந்த என்சைம் குடும்பத்தைக் கட்டிப்போட்டுத்தான். மூக்குக்குத் துண்டுகூடக் கட்டாமல் தெளிக்கிறவர் உடம்பிலும் அதையே செய்யும். அதனால்தான் தோட்டங்காட்டிலிருந்து அவசரமாக வருகிற யாரிடமும் “மருந்தடிச்சீங்களா?” என்று கேட்பேன். “நேத்துப் பொழுதோட பருத்திக்கு அடிச்சனுங்” என்றால் ஸ்கோலின் பெட்டிக்குள்ளேயே இருக்கும். இன்னொன்று பிறவி. வைசியச் செட்டியார் சமூகத்தில் இந்த என்சைம் அடியோடு இல்லாதவர்கள் நூற்றுக்கு நாலு பேர் அளவுக்கு இருக்கிறார்கள். மற்ற இடங்களில் லட்சத்தில் ஒருவருக்கு இருக்கிற குறை. காரணமான மரபணு மாற்றத்தை, லியூ307புரோ என்று அதற்குப் பேர், 2006-ல் வெளியிட்ட ஆய்வு நடந்ததே நம் கோயம்புத்தூரில்தான். தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததில், எப்போதோ ஒருவரிடம் வந்த ஒற்றை எழுத்துப் பிழை குடும்பம் குடும்பமாகப் படிந்துவிட்டது. அன்றாட வாழ்க்கையில் இவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. நூறு வயது வரைக்கும்கூட இருக்கலாம், தெரியவே தெரியாது. இந்த மாதிரி மருந்து ஏறினால்தான் தெரியும்.

கேட்காமல் விட்ட இரவு

இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். மேற்படிப்புப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். இருந்தும் கேட்க மாட்டேன். என் அப்பா ஈரோட்டில் பள்ளிக்கூட வாத்தியார், கருஞ்சட்டைக்காரர். வீட்டுக்கு யார் வந்தாலும் ஊரைக் கேட்கலாம், பேரைக் கேட்கலாம், அதுக்கு மேல் கேட்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் என்னிடம் யாராவது கேட்டால் “எங்கப்பாவைக் கேளுங்க” என்று சொல்லச் சொல்லியிருந்தார். அவரைப் போய்க் கேட்கிற தைரியம் யாருக்கும் வந்ததில்லை. (இதைப் படிக்கிற சிலருக்கும் இந்நேரம் கை அரித்திருக்கும். சொல்லப் போவதில்லை.) பரீட்சைத் தாளில் சாதியின் பேரை எழுதிய எனக்கு ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து அதைக் கேட்க நாக்கு வரவில்லை. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த ராத்திரி ஒரு மணிக்குப் போன். கோபிப் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோம். இருபத்தொன்பது வயசுப் பெண், கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து வயிறு பூராவும் ரத்தம். பிரஷர் எழுபது. நான் போய்ச் சேர்ந்தபோது தாழ்வாரத்தில் ஒரு வயதானவர் வாசவி அம்மனைத் தெலுங்கில் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்தது, அதற்கு மேல் எங்கும் போகவில்லை. கொங்கில் தெலுங்கு பேசுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் வாசவி வைசியச் செட்டியார்களின் குலதெய்வம். அந்தப் பேரே போதுமான பதில், கேள்விகூடத் தேவையில்லை. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பைனல் கூடாது, இருக்கிற கொஞ்சநஞ்ச பிரஷரும் போய்விடும். புரோபோஃபால் கூடாது, அதே காரணம். தூங்க வைக்கக் கெட்டமைன், கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக. எடை பார்க்க வழியில்லை, ஐம்பத்தைந்து இருக்கும் என்று கண்ணால் நிறுத்தேன். ஐம்பது மில்லிகிராம் கெட்டமைன், எழுபத்தைந்து மில்லிகிராம் ஸ்கோலின், டியூப் போட்டாயிற்று, கத்தி வைத்தாயிற்று. எல்லாமே புத்தகப்படி.

பத்து நிமிஷம் ஆயிற்று. மூச்சு வரவில்லை. கெட்ட கேஸ், ரத்தம் போயிருக்கிறது, மெதுவாக வரும் என்று நினைத்தேன். இருபது நிமிஷம். அடுத்த தளர்த்தி மருந்தைக் கொடுப்பதற்கு முன் மூச்சு திரும்பட்டும் என்று காத்திருப்பது என் வழக்கம், அதனால் வேறெதுவும் போடவில்லை. வயிறு இன்னமும் துணி மாதிரி தொளதொளவென்றிருந்தது. சர்ஜனுக்குச் சந்தோஷம். தியேட்டர் சிஸ்டர்தான் முதலில் கேட்டார், மெதுவாக, என் காதருகில்: “எச்சாப் போட்டுட்டீங்களா மேடம்?” குப்பியை எடுத்துப் பார்த்தேன். மில்லிக்கு ஐம்பது, ஒன்றரை மில்லி. சரியாகத்தான் இருந்தது. இதற்குள் ரத்தம் ஏறி, பிரஷர் நூறைத் தொட்டிருந்தது. ஆனால் நாடி குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனது. நூற்றிருபது, நூற்று முப்பது. இன்னும் எங்கேயோ ரத்தம் கசிகிறதா என்று சர்ஜனைக் கேட்டேன். இல்லை, கட்டியாச்சு என்றார். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். ஒட்டியிருந்த பிளாஸ்திரி விளிம்பில், இடது கண்ணோரத்திலிருந்து காதுக்கு ஒரு ஈரக்கோடு.

பிரஷருக்குப் பயந்து ஆவி மருந்தைப் பேருக்குத்தான் திறந்து வைத்திருந்தேன். கெட்டமைன் கலைந்திருந்தது. தசை மட்டும் கலையவில்லை. ஒரு விரலை அசைத்துக் காட்ட முடியாமல் அந்தப் பெண் உள்ளே முழித்துக்கொண்டிருந்தாள். மருந்தைக் கூட்டினேன், வலிக்கும் தூக்கத்துக்கும் சேர்த்துக் கொடுத்தேன், ஐந்து நிமிஷத்தில் நாடி நூறுக்கு இறங்கியது. பரீட்சையில் எழுதிய பதில் அப்போதுதான் தலைக்குள் வந்தது. சிஸ்டரை அனுப்பி வெளியில் இருந்தவர்களைக் கேட்டுவரச் சொன்னேன். “செட்டியாருங்களாமுங்க மேடம், எதுக்குங்?” என்று வந்து நின்றார்.

இதற்கு வைத்தியம் எதுவும் இல்லை, காத்திருப்பதுதான் வைத்தியம். மூச்சை நாம் கொடுத்துக்கொண்டிருந்தால் ஆபத்தும் இல்லை. மற்ற தளர்த்திகளை முறிக்கிற நியோஸ்டிக்மினை இங்கே போடக் கூடாது, அது இருக்கிற துளி என்சைமையும் கட்டிப்போடும். அந்த நர்சிங் ஹோமில் மயக்கம் கொடுக்க இருந்தது பழைய பாயில்ஸ் மெஷின், வென்டிலேட்டர் கிடையாது. பையைக் கையால் அமுக்க வேண்டும். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு, மணிக்கு 720. ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆயிற்று. நானும் சிஸ்டரும் அட்டெண்டர் தம்பியும் மாற்றி மாற்றி 3,600-க்கும் மேல் அமுக்கியிருக்கிறோம். முதலில் ஒரு புருவம் அசைந்தது, அப்புறம் பையில் என் கை அமுக்காமலே ஒரு சின்ன இழுப்பு. காலை ஏழரை மணி இருக்கும்.

கும்பகர்ண மாமா

விடிந்ததும் பெண்ணைப் பெற்ற அம்மா சத்தியமங்கலத்திலிருந்து வந்துவிட்டார். விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். அவர் பதறவே இல்லை. “எங்கண்ணனும் இப்படித்தானுங் டாக்டரம்மா. அப்பெண்டிக்ஸ் ஆபரேசன் பண்ணி ஒரு பகல் பூராத் தூங்குனாரு. அப்பலேருந்து எங்க ஊட்ல அவருக்குப் பேரே கும்பகர்ணன்.” சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த அண்ணனுக்கு அன்று மயக்கம் கொடுத்தவர் யாரோ, அவரும் யாருக்கும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு குடும்பமே அந்தச் சேதியை வருஷக்கணக்காக வேடிக்கைப் பேராக வைத்துப் புழங்கிக்கொண்டிருந்தது. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

இரண்டாம் நாள் அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். கனவு மாதிரி ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் போர்வையை நீவிக்கொண்டிருந்தாள். “எச்சாப் போட்டுட்டீங்களான்னு ஒருத்தங்க கேட்டாங்க. நீங்க பதில் சொல்லலீங்க.” வலி தெரிந்ததா என்றேன். “வலி இல்லீங்க. கையும் காலும் என்னுதா இல்ல. செத்துட்டனாட்ட இருக்குதுன்னு நினைச்சேன்.” நடந்ததை அப்படியே சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு என்மேல் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஈரோடு வந்து அப்பாவிடம் சொன்னேன். நான் சாதி கேட்காததால் இப்படி ஆயிற்று, இனிமேல் கேட்கத்தான் போகிறேன் என்று கொஞ்சம் சண்டைக்காரத் தொனியில்தான் சொன்னேன். அவர் ஈசிசேரிலிருந்து எழவே இல்லை. “கேள்வி கேவலமா இருந்தா மருந்தை மாத்து. வேற மருந்தே இல்லியா?” இருந்தது. ரோக்குரோனியம். கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் டியூப் போட்டுவிடலாம். ஆனால் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். டியூப் போட முடியாமல் போய்விட்டால் உடனே முறிக்க சுகம்மாடெக்ஸ் வேண்டும், கிலோவுக்குப் பதினாறு மில்லிகிராம். ஐம்பத்தைந்து கிலோவுக்கு 200 மில்லிகிராம் குப்பி ஐந்து உடைக்க வேண்டும். அப்போது அந்த மாதிரி இடங்களில் ஒரு குப்பிகூட வாங்கி வைக்க மாட்டார்கள். அந்த ஐந்து குப்பி விலையையும் ஸ்கோலின் குப்பி விலையையும் அப்பாவிடம் சொல்லி வாதாடினேன். “அப்ப காசுக்காகக் கேட்கறேன்னு சொல்லு” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். கோபமாக இருந்தது. இன்றைக்கு என் பையில் ரோக்குரோனியம் இருக்கிறது. பல ஆஸ்பத்திரிகளில் சுகம்மாடெக்ஸும் வைத்திருக்கிறார்கள். அவசரக் கேஸ்களில் ஸ்கோலினை நான் எடுப்பது அபூர்வம்.

மருந்து மாறிவிட்டது, கேள்வி மட்டும் என் வாயில் தங்கிவிட்டது. திருப்பூர்ப் பையன் பிடித்தது அதைத்தான். ஒரு ராத்திரியின் பயத்தில் கேட்க ஆரம்பித்தேன். போகப் போக, எடை கேட்பது மாதிரி, பல் ஆடுதா என்று கேட்பது மாதிரி, முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டேன். நான் கேட்டதில் முக்கால்வாசிப் பேர் வைசியர் இல்லை. அவர்கள் சொன்ன பதில்களை வைத்துக்கொண்டு நான் எதையும் மாற்றியதுமில்லை. சும்மா தெரிந்துகொண்டேன். சும்மா தெரிந்துகொள்வதுதானே இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு வேலை. இன்னொன்றும் உண்டு. நூற்றுக்கு நாலு என்றால் மீதித் தொண்ணூற்றாறு பேர் அப்படி இல்லை. வேறு சாதியில் பிறந்து இந்தக் குறையோடு இருக்கிறவர் என் கேள்வியில் சிக்கவே மாட்டார். கண்ணால் எடை நிறுத்த மாதிரிதான் இதுவும்.

இப்போது கேள்வியை மாற்றிக்கொண்டிருக்கிறேன். “உங்க ரத்த சம்பந்தத்துல யாருக்காச்சும் ஆபரேசன் முடிஞ்சு எந்திரிக்க நேரமாச்சுங்களா? மெஷின்ல வெச்சாங்களா? கேலியா ஏதாச்சும் சொல்லுவீங்களா?” மூன்றாவதைக் கேட்டால் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். குடும்பத்தில் யாருமே இதுவரை கத்திக்குப் போனதில்லை என்றால் இந்தக் கேள்வியும் உதவாது என்று எனக்குத் தெரியும். அப்படி இருக்கும்போது, ஸ்கோலின் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு இடத்தில் நடுராத்திரி நின்றால், பழைய கேள்வியைக் கேட்பேனா? கேட்பேன். முகத்தைப் பார்த்து, எதற்கென்று முதலில் சொல்லிவிட்டுக் கேட்பேன். அப்பா இருந்திருந்தால் இதற்கும் ஏதாவது சொல்லியிருப்பார்.

கோபிப் பெண்ணின் அம்மா இன்னும் தொடர்பில் இருக்கிறார். அன்றைக்கு ரத்தம் எடுத்துக் கோயம்புத்தூர் லேபுக்கு அனுப்பி, என்சைம் இல்லை என்று உறுதியானதும், குடும்பத்தில் எல்லோரும் டெஸ்ட் எடுக்க வேண்டும், எந்த ஆபரேசனுக்குப் போனாலும் இதைக் காட்ட வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை லேமினேட் செய்து சின்ன மகளின் ஜாதகத்தோடு சேர்த்து வைத்திருக்கிறாராம். அவளுக்கும் என்சைம் இல்லை. போன தை மாதம் போன் செய்தார், வரன் முடிவாகிவிட்டது என்று. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இந்தக் கடுதாசியை மாப்பிள்ளை ஊட்டுக்குக் காட்டோணுங்களா டாக்டரம்மா?”

கல்யாணத்துக்கு இதனால் ஒரு தடையும் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுங்கள், அவர்களையும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள் என்றேன்.

“அவிங்க வெளியாளு இல்லீங்க. நம்ம ஆளுங்கதானுங்.”

“அதனாலதானுங்க சொல்லச் சொல்றேன்.”